லிம்பெட் தேடி: டெவன், கார்ன்வால் கரையோர நாட்குறிப்பு

வெள்ளி, பிளிமத்

லண்டனிலிருந்து வரும் ரயில் டாலிஷ் பக்கம் கடலை உரசிக்கொண்டு ஓடுகிறது. தண்டவாளத்துக்கும் அலைக்கும் நடுவே ஒரு சுவர்தான். இன்று கடல் சாதுவாகக் கிடந்தது. ஜன்னலில் ஒரு துளிகூடத் தெறிக்கவில்லை.

செப்டம்பர் கடைசியில் வந்ததற்குக் காரணம் உண்டு. பகலும் இரவும் சமமாகும் நாளை ஒட்டி வரும் பௌர்ணமியில் கடல் மிகவும் உள்வாங்கும். பிளிமத்தில் அந்தப் பெருவற்று பெரும்பாலும் நண்பகலை ஒட்டியே வருகிறது. ஏற்றத்துக்கும் வற்றுக்கும் நான்கரை மீட்டருக்கு மேல் வித்தியாசம். சாப்பாட்டு நேரத்தில் பாறைகள் வெளியே வந்து நிற்கும் என்பதால், பாறையைப் பார்க்க விரும்புபவர்கள் பட்டினி கிடக்கப் பழகிக்கொள்ள வேண்டும்.

பார்க்க வந்தது லிம்பெட். சுருள் இல்லாத கடல் நத்தை. கூம்பு வடிவ ஓட்டைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு பாறையோடு பாறையாக ஒட்டிக்கிடக்கும். பிரிட்டனின் பாறைக் கரைகளில் இதை மிதிக்காமல் நடப்பதே சிரமம். மிகவும் சாதாரணமான இனம் பட்டெல்லா வல்காட்டா, 1758இல் லின்னேயஸ் பெயரிட்டது. நார்வேயிலிருந்து போர்ச்சுகல் வரை பரவியிருக்கிறது. தென்மேற்கு இங்கிலாந்தில் அதனுடன் இன்னும் இரண்டு உறவுக்காரர்கள் உண்டு. ஒன்று பட்டெல்லா டெப்ரெஸ்ஸா, பென்னன்ட் 1777இல் பெயரிட்டது. மற்றது பட்டெல்லா உலிசிபொனென்சிஸ், க்மெலின் 1791இல் பெயரிட்டது. மூன்றும் ஒரே பாறையில் கைக்கெட்டும் தூரத்துக்குள் இருக்கும்.

சிக்கல் வல்காட்டாவிடம்தான். உயரமாக இருக்கும், தட்டையாகவும் இருக்கும். சாம்பல், மஞ்சள், பச்சை கலந்த வெள்ளை எல்லாம் உண்டு. வரிகள் தடிப்பாக இருக்கும், இல்லாமலே தேய்ந்தும் போயிருக்கும். மற்ற இரண்டும் எப்படி இருக்கும் என்று கையேடு சொல்கிறதோ, அந்தத் தோற்றத்திலும் ஒரு வல்காட்டா எங்காவது இருந்தே தீரும். பழைய நூல்களில் டெப்ரெஸ்ஸாவுக்கு இன்டெர்மீடியா என்றும், உலிசிபொனென்சிஸுக்கு அஸ்பெரா, அத்லெடிகா என்றும் பெயர்கள் கிடக்கின்றன. ஓட்டை வைத்துக்கொண்டு எத்தனை பேர் மல்லுக்கு நின்றிருக்கிறார்கள் என்பதற்கு அந்தப் பெயர்ப் பட்டியலே சாட்சி.

அண்ணன் மகள் இங்கே பல்கலைக்கழகத்தில் கடலுயிரியல் படிக்கிறாள். மாலையில் சிட்டாடல் ஹில் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். 1884இல் தொடங்கிய கடலுயிரியல் சங்கத்தின் ஆய்வகம் 1888இலிருந்து அங்கேதான் இருக்கிறது. வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தோம். “நாளைக்கு வழுக்காத செருப்பு போட்டுக்கொள்ளுங்கள் சித்தப்பா, மற்றதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றாள்.

சனி, வெம்பரி

பிளிமத்துக்குத் தென்கிழக்கே சிறிது தூரத்தில் வெம்பரி. மேட்டில் ஒரு பழைய தேவாலயம், கீழே சாம்பல் நிறப் பலகைக்கல் பாறைகள், எதிரே கடலில் முக்கோணமாக மியூஸ்டோன் தீவு. பாதுகாக்கப்பட்ட கடற்கரை இது. எதையும் எடுத்துக்கொண்டு போவதில்லை, படமும் அளவும் மட்டும் என்று காலையிலேயே முடிவு செய்துகொண்டோம்.

மேல்கரையிலிருந்து தொடங்கினோம். பாசியும் பூஞ்சையும் சேர்ந்து வளரும் கறுப்பு லைக்கன் படலம் முடிந்து, பாறையில் ஒட்டி வாழும் சிறு ஓட்டுயிர்களான கொட்டலசுகள் ஆரம்பிக்கும் இடத்திலேயே லிம்பெட்டுகள் தென்பட்டன. ஏற்றத்தின் உச்சியில் சிறிது நேரம் மட்டும் தண்ணீர் பார்க்கும் இடம் அது. அங்கே இருந்தவை எல்லாம் செங்குத்தாக எழும்பிய கூம்புகள். அளவுகோலை வைத்தால் உயரம் நீளத்தில் பாதியை நெருங்குகிறது. நான் உடனே கையேட்டைத் திறந்தேன். அவள் மூடச் சொன்னாள்.

“பெயரைப் பிறகு கேட்கலாம் சித்தப்பா. இது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று முதலில் எழுதுங்கள்.”

எழுதிக்கொண்டே கீழே இறங்கினோம். வெயில் படாத பிளவுகளிலும் ஈரமான பாறை முகங்களிலும் கூம்பு தாழ்ந்துகொண்டே வருகிறது. பெரிய கடற்பாசிகளின் நிழலில் இருந்தவற்றுக்கு நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரம் தேறினாலே அதிகம். இத்தனையும் வல்காட்டாவே.

இதற்குப் பிளிமத்தில் வேலை பார்த்த ஆர்டன் என்ற ஆய்வாளர் ஒரு விளக்கம் சொன்னார்; இன்று படித்தாலும் நம்பும்படி இருக்கிறது. ஓட்டை வளர்ப்பது மேன்டில் என்னும் மெல்லிய சதைப் போர்வையின் விளிம்பு. வெயிலில் காயும் இடத்தில் இருக்கும் லிம்பெட், உள்ளே இருக்கும் ஈரம் போகாமலிருக்கத் தசையை இறுக்கிப் பாறையோடு அழுந்திக்கொள்ளும். தசை இறுகினால் மேன்டிலின் விளிம்பும் உள்ளே இழுபடும். அப்போது படியும் புதிய ஓடு வெளியே விரியாமல் கீழ்நோக்கி இறங்கும். நாளெல்லாம் இறுகியே கிடப்பது கூம்பாக எழும்புகிறது; ஈரத்தில் தளர்ந்து கிடப்பது தட்டையாக விரிகிறது. ஆக, ஓட்டின் உயரம் அந்த நத்தை எந்த இடத்தில் வாழ்ந்தது என்பதைத்தான் முதலில் சொல்கிறது.

இதை நேரிலேயே காட்டியது ஓர் ஓடு. உச்சியிலிருந்து பாதி வரை அகலமான, சோம்பலான சரிவு. அதன் பிறகு திடீரென்று செங்குத்தாக இறங்குகிறது. இரண்டு சரிவுக்கும் நடுவே விரலால் தடவினால் தெரியும் ஒரு மடிப்பு. இளமையில் ஈரமான இடத்தில் இருந்துவிட்டுப் பிறகு காய்ந்த பாறைக்கு ஏறியிருக்க வேண்டும் என்பது அவள் கணிப்பு. கையேட்டில் இப்படி ஒரு படம் போட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ உதவியாக இருந்திருக்கும். அதில் இருப்பதோ இனத்துக்கு ஓர் ஓடு, அதுவும் கழுவித் துடைத்து வரி வரியாக மின்னும் ஓடு. பாறையில் அப்படி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. இங்கே கிடக்கும் கிழங்கள் உச்சி அரித்து, முதுகில் கொட்டலசும் பச்சைப் பாசியும் சுமந்து நிற்கின்றன. சில இடங்களில் பாறை எது, ஓடு எது என்று தொட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடிகிறது.

ஓட்டின் விளிம்பும் நம்பத் தகுந்ததில்லை. தண்ணீர் மூடியிருக்கும்போதும் ஈரமான இரவிலும் ஊர்ந்து போய்ப் பாறை மேல் படிந்த நுண்பாசியைச் சுரண்டித் தின்றுவிட்டு, லிம்பெட் தன் பழைய இடத்துக்கே திரும்பி வருகிறது. குழவியும் அம்மியும்போல ஓடும் பாறையும் ஒன்றையொன்று தேய்த்துப் பொருந்திவிடுகின்றன. கல் மென்மையாக இருந்தால் பாறையில் வட்டத் தழும்பு விழும். கல் கெட்டியாக இருந்தால் ஓடுதான் வளைந்துகொடுக்க வேண்டும். இந்தப் பலகைக்கல்லில் அங்கங்கே வெள்ளைக் குவார்ட்ஸ் கோடுகள் ஓடுகின்றன. அப்படி ஒரு கோட்டின் மேல் உட்கார்ந்திருந்த லிம்பெட்டின் விளிம்பு, கோடு புடைத்த இடத்தில் மட்டும் மிகச் சரியாக மேலே வளைந்திருந்தது. குனிந்து, கன்னத்தைப் பாறையில் வைத்துப் பார்த்தேன். ஒரு காகிதம் நுழையாது.

ஞாயிறு, மீண்டும் வெம்பரி

இன்று வற்று இன்னும் ஆழம். மேலே நிற்கவே இல்லை. நேராகக் கீழ்க்கரைக்குப் போனோம்.

இளஞ்சிவப்புச் சுண்ணப்பாசி படிந்த பாறைக் குளங்கள் அங்கே நிறைய. அவற்றில் தட்டையாக, முன்பக்கம் சற்றுக் குறுகி, உச்சி முன்னே தள்ளி இருந்த ஓடுகள் பெரும்பாலும் உலிசிபொனென்சிஸ். அதன் வரிகள் வல்காட்டாவைவிட நெருக்கமானவை, நுண்மையானவை. உருப்பெருக்கியில் பார்த்தால் ஒற்றை வரி ஒன்று, அடுத்து மூன்று வரிகள் சேர்ந்த கட்டு ஒன்று என்று மாறி மாறி வருவது தெரிகிறது. ஆனால் ஓடு தேயாமல் இருந்தால்தான் இது தெரியும். சுண்ணப்பாசி ஓட்டின் மேலும் ஏறிவிட்டால் இளஞ்சிவப்புக் கொப்புளம் ஒன்று மட்டும் தெரியும், அவ்வளவுதான்.

வெளிப்பக்கம் இவ்வளவு காலை வாரினால் பிறகு எதைத்தான் பார்ப்பது? உட்பக்கத்தை. அலை ஒதுக்கிய காலி ஓடுகள் ஒரு பிளவில் குவிந்திருந்தன. உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டினோம். உள்ளே குதிரை லாடம் போன்ற ஒரு தழும்பு இருக்கும். தசை ஒட்டியிருந்த இடம் அது. லாடத்தின் திறந்த வாய் இருக்கும் பக்கம் தலை. லாடத்துக்கு உள்ளே, தலைப்பக்கமாக ஒரு நிறத் திட்டு இருக்கிறது. வல்காட்டாவில் அது வெள்ளி அல்லது சாம்பல். சுற்றிலும் பச்சை கலந்த மங்கல். உலிசிபொனென்சிஸில் உட்பக்கம் பீங்கான் வெள்ளை, திட்டு வெளிர் ஆரஞ்சு அல்லது பாலேட்டு நிறம். டெப்ரெஸ்ஸாவில் திட்டு அதேபோல் ஆரஞ்சு கலந்திருந்தாலும், ஓட்டின் விளிம்பு முழுவதும் உட்புறமாகக் கரும்பழுப்புக் கதிர்கள் குத்திக்கொண்டு நிற்கும்.

அந்தக் கரும்பழுப்பு விளிம்பை முதன்முதலாகக் கையில் வைத்துப் பார்த்தது இன்றுதான். ஓடு என் கட்டை விரல் நகத்தைவிடச் சற்றுப் பெரியது, தட்டையானது. காய்ந்திருந்தபோது மங்கலாக இருந்தது. குளத்தில் ஒரு முக்கு முக்கி எடுத்ததும் கதிர்கள் பளிச்சென்று வந்தன. ஒவ்வொன்றும் வெளியே ஒரு வரி முடியும் இடத்தில் தொடங்கி உள்நோக்கி மெலிந்து போகிறது. காலி ஓட்டை நனைத்துத்தான் பார்க்க வேண்டும் என்பதை எந்தக் கையேடும் முதல் பக்கத்தில் போடுவதில்லை.

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. அவள் குவியலிலிருந்து இன்னொன்றை எடுத்து நீட்டினாள். அதிலும் விளிம்பில் கதிர்கள் இருந்தன, ஆனால் வெளிறியவை, நடுத்திட்டு சாம்பல். “வல்காட்டாவிலும் கதிர் வரும். அதுவும் இளசுகளில் அதிகம். ஒரே ஓர் அடையாளத்தை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள் சித்தப்பா. கதிர், திட்டு, வரி, கிடைத்த இடம், நான்கும் ஒரே திசையைக் காட்டினால்தான் பெயர் எழுத வேண்டும்.” மிகச் சிறிய குட்டிகளை அவள் தொடவே விடவில்லை. ஓட்டை வைத்து அவற்றைப் பிரிப்பது வீண்வேலை என்பது அவள் கட்சி.

உயிருள்ளதில் ஐயம் தீர்க்க வேறு வழி இருக்கிறது. பாதத்தைப் பார்ப்பது. டெப்ரெஸ்ஸாவின் பாதம் கருமையானது. மேன்டில் விளிம்பைச் சுற்றியுள்ள உணரிழைகள் சுண்ணாம்பு வெள்ளை. உலிசிபொனென்சிஸின் பாதம் ஆரஞ்சு கலந்த மஞ்சள், உணரிழைகள் பாலேட்டு நிறம். வல்காட்டாவின் பாதம் மஞ்சள், சாம்பல், பச்சை கலந்து எப்படியும் இருக்கலாம். ஆனால் உணரிழைகள் நிறமற்று ஊடுருவித் தெரியும். ஓட்டில் மணிக்கணக்காக மயிர் பிளந்த சந்தேகத்தை இந்த இழைகள் ஒரு நொடியில் தீர்த்துவிடுகின்றன.

ஆனால் அந்த ஒரு நொடிக்கு விலை உண்டு. லிம்பெட்டைப் பெயர்க்க வேண்டுமானால், அது விழித்துக்கொள்ளும் முன் பக்கவாட்டில் ஒரே தட்டு. இரண்டாவது தட்டுக்கு இடமில்லை. அதற்குள் இறுகிவிடும், பிடுங்கினால் சதை கிழியும். எடுத்ததை அதன் சொந்தத் தழும்பிலேயே வைத்து, அது பிடித்துக்கொள்ளும் வரை காத்திருக்கவும் வேண்டும். இல்லையென்றால் நண்டுக்கோ, சிப்பிபிடிப்பான் பறவைக்கோ விருந்து. படிப்புக்காக அதைச் செய்பவர்கள் செய்யட்டும். நாங்கள் செய்யவில்லை. பாறையின் அடிப்பக்கத்தில், குளத்து நீருக்குள் ஊர்ந்துகொண்டிருந்த ஒன்று ஓட்டைச் சற்றே தூக்கியபோது, டார்ச் வெளிச்சத்தில் வெள்ளை இழைகள் விளிம்பைச் சுற்றி அசைவதைப் பார்த்தோம். அதுவே போதும்.

திங்கள், போர்த்லெவன்

காரில் கார்ன்வாலின் உள்ளே வந்துவிட்டோம். போர்த்லெவன் துறைமுகத்தில் அலை வேறு ரகம்; தென்மேற்கிலிருந்து தடையில்லாமல் வந்து மோதுகிறது. பாறை முழுக்கக் கொட்டலசும் லிம்பெட்டும்தான், பெரிய பாசி அதிகமில்லை.

1967 மார்ச் 18 அன்று டோரி கேன்யன் என்ற எண்ணெய்க் கப்பல் செவன் ஸ்டோன்ஸ் பாறைத் திட்டில் மோதியது. கரைக்கு வந்த கச்சா எண்ணெயைக் கரைக்க, பத்தாயிரம் டன்னுக்கு மேல் கரைப்பு மருந்து தெளித்தார்கள். எண்ணெயைவிட அந்த மருந்துதான் பாறை உயிர்களைக் கொன்றது. அதிகமாகத் தெளித்த இடங்களில் ஒன்று போர்த்லெவன். லிம்பெட்டுகள் கூட்டம் கூட்டமாகச் செத்து விழுந்தன. மேய்வதற்கு ஆளில்லாமல் பாறைகள் பச்சைப் போர்வை போர்த்தின. அடுத்துப் பெரிய பழுப்புப் பாசிகள் வந்து மூடின. அவற்றின் ஈர நிழலில் லிம்பெட் குட்டிகள் ஏராளமாகப் பிழைத்து வளர்ந்து, கடைசியில் அந்தப் பாசியையே தின்று தீர்த்தன. தின்ன ஒன்றும் இல்லாமல் போனதும் கூட்டமாக இடம்பெயர்ந்து மடிந்தன. நிலைமை சீராகப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆயின. மருந்து தெளிக்காமல் எண்ணெய் மட்டும் பட்ட கரைகள் அதைவிட வெகு சீக்கிரம் தேறிவிட்டன.

இதை ஏன் ஓட்டுக் கதைக்கு நடுவே சொல்கிறேன் என்றால், அந்த ஆண்டுகளில் இங்கே யாராவது ஓடு பொறுக்கியிருந்தால் அவருடைய பெட்டியில் வேறு வகை வல்காட்டாதான் சேர்ந்திருக்கும். பாசி நிழலில் வேகமாக வளர்ந்தவை ஒரு மாதிரி, வெறும் பாறையில் மெதுவாக வளர்ந்து பதினைந்து வயதைத் தொடுபவை வேறு மாதிரி. ஒரே கரை, ஒரே இனம், பத்தாண்டு இடைவெளியில் இரண்டு முகம்.

செவ்வாய், மழை

அறையைவிட்டு நகரவில்லை. படங்களுக்குப் பெயர் போட்டோம். பாதிக்கு மேல் எளிதாக முடிந்தது, மிச்சத்துக்குச் சண்டை.

இடையில் அவள் சொன்ன ஒன்று. லிம்பெட் பாறையைச் சுரண்டும் ராடுலா என்னும் நாக்கு, ஓட்டின் நீளத்தைவிட நீளமானது. உள்ளே சுருட்டி வைத்திருக்கும். அதன் பற்களில் கோதைட் என்ற இரும்புக் கனிமத்தின் நுண்ணிழைகள் இருக்கின்றன. உயிரினங்கள் உண்டாக்கும் பொருள்களில் அதுவரை அறியப்பட்டதிலேயே வலிமையானது அது, சிலந்தி இழையையும் மிஞ்சியது என்று போர்ட்ஸ்மத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் அறிவித்தார்கள். பற்களின் வடிவம் இனத்துக்கு இனம் வேறுபடுவதால், ஓடு கைவிட்ட இடத்தில் ராடுலாவை நுண்ணோக்கியில் வைத்து முடிவு செய்வார்களாம்.

ஆணா பெண்ணா என்றும் ஓடு சொல்லாது. வல்காட்டா ஆணாக வாழ்க்கையைத் தொடங்குகிறது. வளர்ந்த பிறகு பல பெண்ணாக மாறிவிடுகின்றன. பெரிய ஓட்டைப் பார்த்துப் பெண்ணாக இருக்கலாம் என்று ஊகிக்கலாம், அதற்கு மேல் ஒன்றும் சொல்ல முடியாது.

புதன், ட்ரெவோன்

வடகரை. பாட்ஸ்டோவுக்கு மேற்கே சிறு ஊர், பெரிய பாறைகள். வற்று நாளுக்கு நாள் சிறுத்துக்கொண்டே வருவதால் கீழ்க்கரை இனி எட்டாது. பரவாயில்லை, இன்றைக்குத் தேவை நடுக்கரைதான். டெப்ரெஸ்ஸா அலை மோதும் நடுக்கரையை விரும்புவது.

டெப்ரெஸ்ஸா தெற்கத்திய இனம். பிரிட்டனில் வேல்ஸ், தென்மேற்கு இங்கிலாந்து, கிழக்கே வைட் தீவுப் பக்கம் வரை இருக்கிறது. அயர்லாந்துக் கரையில் இல்லை. 1962–63 கடுங்குளிர் அதன் எல்லையோரக் கூட்டங்களை நன்றாகவே அடித்தது. வல்காட்டாவோ குளிர்நாட்டு இனம். இரண்டும் சந்திக்கும் இந்தக் கரையில் நூற்றுக்கு எத்தனை டெப்ரெஸ்ஸா என்று எண்ணினால், கடல் சூடாகிறதா குளிர்கிறதா என்பது தெரிந்துவிடும். 1950களிலிருந்து பிளிமத் ஆய்வாளர்கள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அண்மைப் பத்தாண்டுகளில் தெற்கத்தியதன் கை ஓங்கியிருக்கிறது.

இப்போதுதான் அவளுடைய கறாருக்குக் காரணம் எனக்குப் பிடிபட்டது. தட்டையாக இருக்கிறதே என்று ஒரு வல்காட்டாவை டெப்ரெஸ்ஸா கணக்கில் எழுதினால், கெடுவது ஒரு படத்தின் அடிக்குறிப்பு மட்டுமல்ல. அப்படிப் பத்துப் பேர் எழுதினால் கடல் இல்லாத சூட்டைக் காட்டும். அலை மோதும் ஈரப்பாறையில் வல்காட்டாவும் தட்டையாகத்தான் இருக்கும். இந்த இடத்தில் உயரத்தை வைத்துப் பிரிக்க நினைப்பவரை நான் இனி நம்பமாட்டேன்.

கடைசியாக ஒரு காலி ஓடு. நீளம் 31 மில்லிமீட்டர், தட்டை, விளிம்பில் மங்கலான பழுப்புக் கதிர்கள். நடுத்திட்டு வெயிலில் வெளுத்து, சாம்பலா ஆரஞ்சா என்று சொல்ல முடியாத நிறம். வெளிவரிகள் தேய்ந்துவிட்டன. நனைத்துப் பார்த்தோம், நிழலில் வைத்துப் பார்த்தோம், உருப்பெருக்கியில் பார்த்தோம். நான் டெப்ரெஸ்ஸா என்றேன். அவள் வல்காட்டாவாக இருக்க எல்லா நியாயமும் உண்டு என்றாள். பாதம் இல்லை, இழைகள் இல்லை, ராடுலா இல்லை. கேட்பதற்கு இனி ஆளில்லை.

படத்துக்கு அவள் எழுதிய குறிப்பு: “பட்டெல்லா, இனம் உறுதியில்லை. ட்ரெவோன், நடுக்கரை, காலி ஓடு.” என் வாக்கைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டுப் பார்த்தேன். மறுத்துவிட்டாள். ஓட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுக் காருக்கு நடந்தோம். வழியெல்லாம் அந்தக் கதிர்களைப் பற்றியே வாதாடிக்கொண்டிருந்தோம்.